போர் முடிந்தபின் வீரன் எங்கே போனான்?

போருக்குப் புறப்படும் வீரனைப் பாடாத மொழி அரிது. களத்தில் மாண்டவனைப் போற்றாத புலவனும் அரியன். ஆனால் புறப்பட்டுப் போய், மாளாமல், உயிரோடு வீடு திரும்பியவன் ஒருவன் உண்டன்றோ? திரும்பிய மறுநாட் காலையில் அவன் எந்த வேலைக்குப் போனான்? அவனுக்கு வேலை கொடுத்தவர் யார்? கொடுத்த வேலையில் அவன் மனம் ஒன்றியதா? இக்கேள்விகளை நம் இலக்கியத்தின் முன் வைத்து, அது என்ன விடை கூறுகிறது என்று பார்ப்பதே ஈண்டு நம் நோக்கம்.

இது பொழுதுபோக்கு ஆராய்ச்சி என்று அன்பர்கள் எண்ண வேண்டா. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் பட்டணத்துக் கடைகளிலிருந்தும் 1943-ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் தமிழர் பல்லாயிரவர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். 1945-இல் அப்படை கலைந்தபோது உயிரோடிருந்தோர் அனைவரும் ஏதேனும் ஒரு தொழிலுக்குத் திரும்பியாக வேண்டியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நம்மிடையே வாழ்கின்றனர். தாத்தா பட்டாளத்துக்குப் போன கதை பல வீடுகளில் பெருமையோடு சொல்லப்படுகிறது. பட்டாளத்தை விட்டு வந்தபின் அவர் பட்ட பாடு அவ்வாறு சொல்லப்படுவதில்லை. வீட்டில் சொல்லப்படாததை ஏட்டிலாவது காணலாமென்று தேடினால், அங்கும் பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன.

முதலில் பழந்தமிழ் நூல்களை நோக்குவோம். தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எனப் போரைப் படிப்படியாகப் பகுத்துக் காட்டுகிறது. ஆநிரை கவர்வது முதல் வெற்றி மாலை சூடுவது ஈறாக ஒவ்வொரு செயலுக்கும் துறை உண்டு. மாண்டவனுக்குக் கல் நடுவதற்கு மட்டும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகள் வகுக்கப்பட்டன. இறந்தவனுக்கு இத்தனை ஒழுங்கு செய்த இலக்கணம், பிழைத்து வந்தவனுடைய பிழைப்புக்கென ஒரு துறையும் வகுக்கவில்லை.

முல்லைத்திணை உண்டே என்பர் சிலர். உண்மை. பாசறையிலிருந்து தலைவன் திரும்புவதே முல்லையின் உயிர்நாடி. முல்லைப்பாட்டு முழுவதும் அந்த எதிர்பார்ப்பில் நிற்கிறது. காத்திருந்த மனைவியின் காதில் திரும்பி வரும் தேரின் ஒலி விழுகிறது. பாட்டு அத்தோடு முடிகிறது. அழகான முடிவுதான். எனினும் தேரிலிருந்து இறங்கியவன் அடுத்த திங்களில் எப்படி வாழ்ந்தான் என்பதைப் புலவர் கேட்கவில்லை. அவர் பாடியது தேரில் வந்த தலைவனை. தேருக்குப் பின்னால் நடந்து வந்த காலாளுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அந்த வீட்டு வாயிலில் எந்தப் பாட்டும் நிற்கவில்லை.

சிலப்பதிகாரம் இவ்வகையில் ஓரளவு மேலானது. வடநாட்டுப் போர் முடிந்தபின் செங்குட்டுவன் வீரரை அழைத்துச் சிறப்புச் செய்வதையும், மாண்டோரின் மைந்தரையும் மறவாமல் பொன்னாற் செய்த வாகைப் பூ அளிப்பதையும் இளங்கோவடிகள் சொல்கிறார். அவன் நாட்டைவிட்டு நீங்கி முப்பத்திரண்டு திங்கள் ஆயின என்பதையும் நினைவூட்டுகிறார். போரின் காலக் கணக்கை இவ்வளவு கருத்தாகச் சொன்ன காவியம் நம்மிடம் வேறு எது? ஆனால் பொற்பூவை வாங்கிக்கொண்டு போன வீரன் அதனை எத்தனை நாள் உண்டான்? அக்கணக்கு காவியத்தில் இல்லை. கலிங்கத்துப் பரணியோ போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைத்து உண்பதை விரிவாக வருணிக்கிறது. பேய்க்குக் கூழ் வார்த்த புலவர், மீண்டு வந்த சோழ வீரனுடைய அடுப்பில் என்ன வெந்தது என்று எட்டிப் பார்க்கவில்லை.

புலவரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. அக்காலத்துப் படைவீரருட் பலர் உழவராகவும் ஆயராகவும் இருந்தவரே. போர் முடிந்தால் ஏர் இருக்கும், மாடு இருக்கும், ஊர் இருக்கும். மாண்ட வீரனின் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் இருந்தது. நெய்த்தோர்பட்டி என்று கல்வெட்டுக்கள் கூறுவது அதனையே. ஆயினும், உரையாசிரியர்கள் படையை ஆறு வகையாகப் பிரித்தபோது கூலிப்படை என்பதும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. ஏர் இல்லாதவன், வாளையே கூலிக்கு விற்றவன், வாளுக்கு வேலை இல்லாத நாளில் என்ன செய்தான்? படைக்கு வறுமை ஆகாதென்று வள்ளுவர் படைமாட்சி அதிகாரத்தில் எச்சரித்தார். அது படையில் இருக்கும் வரைக்கும் உள்ள நீதி. படையை விட்டவனுக்கு உரிய நீதியை எந்த அதிகாரமும் வகுக்கவில்லை.

ஒரு செய்தியை மட்டும் இங்கே குறித்து வைப்போம். வாகைத் திணை போர் வெற்றியோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் தொழிலில் மற்றவரினும் மேம்பட்டு நிற்பதும் வாகையே என்பது தொல்காப்பியர் கருத்து. ஆகவே போர்வாகை சூடியவன் பின்னர்த் தொழில்வாகை சூடும் கதைக்கு இலக்கணம் இடம் கொடுத்தே இருந்தது. பாடுவதற்குத்தான் ஆள் இல்லை.

நிற்க. மேனாட்டார் இப்பொருளை எப்படிக் கையாண்டனர் என்பதையும் பார்த்தால் நம் குறை தெளிவாகும். 1854-ஆம் ஆண்டு கிரீமியப் போரில் ஆங்கிலக் குதிரைப்படை ஒன்று தவறான கட்டளையால் பீரங்கிகளின் வாயில் பாய்ந்து அழிந்தது. அதே ஆண்டில் அரசவைக் கவிஞர் டென்னிசன் அதனைப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்து 1890-இல் ருட்யார்டு கிப்ளிங் ஒரு பாட்டு எழுதினார். அப்படையில் பிழைத்து, முதுமையும் வறுமையும் எய்திய சிலர் ஒன்றுகூடி, தம்மைப் பாடிய கவிஞரின் வீட்டுக்கே சென்று தம் நிலையைச் சொல்வதாக அப்பாட்டு அமைந்தது. ஒரு கவிஞன் செய்த புகழ்ச்சிக்கு இன்னொரு கவிஞன் கணக்குக் கேட்டான். கிப்ளிங் ஏகாதிபத்தியத்தின் பாடகர் என்பதை நாம் மறக்கவில்லை. அவர் பாடிய பேரரசு நம்மவரை எங்ஙனம் நடத்தியது என்பதும் நமக்குத் தெரியும். ஆயினும் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. கேட்ட வாயைப் பார்த்துக் கேள்வியைத் தள்ளுதல் அறிவுடைமை ஆகாது.

முதல் உலகப் போருக்குப்பின் ஜெர்மானிய நாவலாசிரியர் எரிக் மரியா ரெமார்க் 1931-இல் வெளியிட்ட நூலுக்குத் 'திரும்பும் வழி' என்பது பொருள்படப் பெயரிட்டார். அவரே படையிலிருந்து வந்து சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்நாவலிலும் போரிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் சிறுவர்முன் ஆசிரியனாக நிற்கிறான். கொல்லவும் ஒளியவும் கற்ற தான் இக்குழந்தைகளுக்கு எதைக் கற்பிப்பது என்று தடுமாறுகிறான். வேலை கிடைக்காதது ஒரு துன்பம்; கிடைத்த வேலைக்குத் தான் தகுதியா என்று தன்னையே ஐயுறுவது வேறொரு துன்பம். இந்த இரண்டாவது துன்பத்தைக் கண்டு சொன்னதே அந்நூலின் சிறப்பு.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டில், 1946-இல், வில்லியம் வைலர் இயக்கிய அமெரிக்கத் திரைப்படம் ஒன்று வந்தது. 'நம் வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டுகள்' என்பது அதன் பெயரின் பொருள். ஒரே ஊருக்கு மூவர் திரும்புகின்றனர். விமானப்படையில் காப்டனாக இருந்தவன் போருக்குமுன் மருந்துக்கடையில் சோடா கலந்து கொடுத்தவன். அக்கடைக்கே குறைந்த சம்பளத்துக்கு மீண்டும் போகிறான். தரைப்படையில் சார்ஜண்டாக இருந்தவரோ வங்கி அதிகாரி; திரும்பியதும் பதவி உயர்வு பெறுகிறார். படையில் மேலே இருந்தவன் ஊரில் கீழே. படையில் கீழே இருந்தவர் ஊரில் மேலே. மூன்றாமவன் இரு கைகளையும் இழந்த கடற்படை வீரன். அப்பாத்திரத்தில் நடித்த ஹரால்டு ரஸ்ஸல், 1944-இல் படைப் பயிற்சியின்போது உண்மையாகவே கைகளை இழந்தவர்.

அப்படத்தில் வங்கி அதிகாரி, ஈடு வைக்க ஒன்றுமில்லாத முன்னாள் வீரன் ஒருவனுக்கு நிலம் வாங்கக் கடன் அளிக்கிறார். மேலதிகாரிகள் முகம் சுளிக்கின்றனர். இங்கே கலை சட்டத்தோடு கை கோக்கிறது. 1944 ஜூன் 22-ஆம் நாள் அமெரிக்காவில் கையெழுத்தான சட்டம் ஒன்று, திரும்பும் வீரருக்குக் கல்விச் செலவும், வீட்டுக்கும் பண்ணைக்கும் தொழிலுக்கும் கடன் உறுதியும், வேலையற்ற காலத்தில் வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம் வரையும் வழங்க ஏற்பாடு செய்தது. ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அதனால் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். ஆனால் நடைமுறையில், தென் மாநிலங்களில் கறுப்பு வீரர்க்கு அந்தக் கடனும் கல்லூரியும் எட்டாக் கனியாயின. ஒரே போரில் நின்றவருள் ஒருவனுக்கு வீடு, ஒருவனுக்குப் பழைய சேரி! இப்பகுதியை அப்படம் காட்டவில்லை. அது எவ்வளவு உயர்ந்த படமாயினும் இதனை அதன் குறையாகவே எழுத வேண்டும். போருக்குப் போகும்போது வரிசையில் நிறுத்திய நாடு, திரும்பும்போது சாதியும் நிறமும் கேட்குமானால், அதனைக் காட்டுவதே கலைஞன் கடமை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து படையின் பொறுப்பை ஏற்றார். அக்டோபர் 21-இல் கத்தே மண்டபத்தில் இடைக்கால அரசை அறிவித்தார். மறுநாள் ஜான்சி ராணி படைப்பிரிவின் பயிற்சி முகாம் தொடங்கியது. பயிற்சி பெற்றோருள் சிலர் பர்மா வரை சென்றனர்; பலர் மலாயா முகாம்களிலேயே இருந்தனர். 1944-இல் இம்பால் முயற்சி தோற்றது. 1945-இல் எல்லாம் முடிந்தது. அவ்வாண்டு ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் போஸ் அடிக்கல் நாட்டிய வீரர் நினைவுச் சின்னத்தைச் செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் தகர்த்தனர். நடுகல் நட்ட மரபினர் கண்முன்னே கல் தகர்க்கப்பட்டது. அவ்விடத்தில் அடையாளப் பலகை வைக்க 1995 வரை ஐம்பது ஆண்டுகள் சென்றன.

தோட்டத்துத் தமிழனுக்கு அப்படை என்ன கொடுத்தது என்பதை உணர்ந்தாலன்றி, திரும்பியபோது அவன் எதனை இழந்தான் என்பது விளங்காது. சீருடை கிடைத்தது. சாதி மத வேறுபாடின்றி ஒரே அடுக்களையில் உணவு கிடைத்தது. தோட்டத்தில் விடியற்காலை பிரட்டுக்கு நின்றான். முகாமிலும் விடியற்காலை அணிவகுப்புக்கு நின்றான். நிற்பது ஒன்றுதான். ஆனால் அங்கே கங்காணியின் பட்டியலில் ஒரு கூலி. இங்கே ஒரு நாட்டின் சிப்பாய். இந்த வேறுபாட்டை ஒருமுறை சுவைத்தவன், மீண்டும் பிரட்டுக்களத்தில் போய் நின்றபோது அவன் முதுகு முன்போல் வளைந்திருக்குமா?

திரும்பியவன் கையில் என்ன இருந்தது? ஜப்பானியர் நோட்டு இருந்தது. அது 1945-இல் வெறுங் காகிதமாயிற்று. சயாம் பர்மா ரயில்பாதைக்குப் போனவர்களில் பல்லாயிரவர் மீளாததால் லயங்களிற் பல அறைகள் ஆளின்றிக் கிடந்தன. மீண்டும் ஆட்சிக்கு வந்த ஆங்கில அரசுக்கு அவன் எதிரிப்படையாள். எனவே பணிக்கொடையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. 1947-இல் இந்தியா விடுதலை பெற்றபின்னும் அப்படையினர் இந்திய இராணுவத்தில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. விடுதலை வீரர்க்கான ஓய்வூதியத் திட்டத்தை இந்திய அரசு 1972-இல்தான் தொடங்கியது. 1945-இல் இருபத்தைந்து வயதாயிருந்தவனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

இவ்வளவு பெரிய வாழ்க்கைப் பொருளை எடுத்து எழுதிய தமிழ் நாவலாசிரியர் யார் என்று கேட்டால், முதலில் சொல்லத்தக்க பெயர் ப. சிங்காரம். 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938-இல் சுமத்ராவிலுள்ள மேடானுக்குப் பிழைக்க வந்து, 1946-இல் ஊர் திரும்பி, பின்னர் மதுரையில் நாளிதழ் ஒன்றில் நாற்பது ஆண்டு பணி செய்தவர். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. 'கடலுக்கு அப்பால்' 1959-இல் வெளிவந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வெளிவந்தது. பின்னதையே அறிஞர் பலரும் பெரிதும் புகழ்வர். நம் கேள்விக்கு நேர்விடை தருவது முன்னதே.

'கடலுக்கு அப்பால்' கதை பினாங்கில் நடக்கிறது. வயிரமுத்துப் பிள்ளை வட்டிக்கடை முதலாளி. அவரிடம் வேலை பார்த்த இளைஞன் செல்லையா. முதலாளியின் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் அன்பு உண்டு. செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்பி வருகிறான். வந்தவனை முதலாளி வேறு கண்ணால் பார்க்கிறார். பட்டாளத்துக்குப் போய்வந்தவன் இனி வட்டித் தொழிலுக்கு ஆகமாட்டான் என்பது அவருடைய முடிவு. மகளை நாகலிங்கம் என்ற மற்றொரு பணியாளனுக்குக் கொடுக்க எண்ணுகிறார்.

இதனை வெறும் காதற்கதை என்று படிப்பவர் நூலின் பாதியை இழப்பர். வட்டிக்கடை உலகில் முதலாளி மகளின் கையும் கடையின் சாவியும் ஒரே கொத்தில் தொங்குபவை. மருமகனைத் தேர்வதென்பது பேரேட்டுக்கு அடுத்த ஆளைத் தேர்வதேயாகும். ஆகவே மரகதத்தை மறுப்பதன் மூலம் வயிரமுத்துப் பிள்ளை செல்லையாவுக்குத் தொழில் உலகின் கதவையே சாத்துகிறார். இது ஒரு முன்னாள் வீரனுக்கு வேலை மறுக்கப்பட்ட கதை; திருமணம் அம்மறுப்பின் வடிவம்.

சிங்காரத்தின் பேராற்றல், முதலாளியைக் கொடியவராக்காமல் விட்டதில் விளங்குகிறது. அவருக்கு ஒரு நியாயம் உண்டு. வட்டித் தொழில் பணிவையும் பொறுமையையும் விலையாகக் கேட்பது. கடன்காரன் ஏசினாலும் சிரிக்க வேண்டும். நாளைக்கு வா என்றால் நாளைக்கும் போக வேண்டும். ஐந்தொகையில் ஒரு காசு பிசகினால் இரவெல்லாம் விழிக்க வேண்டும். கட்டளையிட்டும் கட்டளைக்குப் பணிந்தும் பழகியவன், உயிரைத் துரும்பாக எண்ணியவன், காசை மலையாக எண்ணுவானா என்பது அவருடைய அச்சம். பகைவனாக ஒருவர் மறுத்தால் வெகுண்டு எழலாம். நல்லவர் ஒருவர் நியாயம் சொல்லி மறுக்கும்போது வீரன் என்ன செய்வான்? திரும்பி வந்த வீரரிற் பலரை நாடு மறுத்தது இந்த இரண்டாம் வழியில்தான். புகழ் மொழிக்குக் குறைவில்லை. வேலைக்கு மட்டும் வேறு ஆள் எடுத்தார்கள்.

இத்தனை சிறப்பிருந்தும், அந்நாவலைக் குறைகூறாமல் விடுவது நண்பர்க்குரிய செயலே ஒழியத் திறனாய்வாளர்க்குரிய செயலன்று. முதலாவது, முதலாளியின் தீர்ப்பைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைக் கதை அளிக்கவில்லை. பட்டாளத்தான் கடைக்கு ஆகான் என்பது மெய்யா பொய்யா? அவனை ஓராண்டு பெட்டியடியில் உட்கார வைத்துப் பார்த்தாலன்றோ தெரியும்? தீர்ப்பு முன்னே வருகிறது, சோதனை வரவேயில்லை. செல்லையா இறுதியில் மனத்தைத் தேற்றிக்கொண்டு இழப்பை ஏற்கிறான். தேற்றிக்கொள்வது பெருந்தன்மைதான், ஆனால் அநீதி தீராமல் மனம் மட்டும் தேறுமானால், அநீதி செய்தவர்க்கே அது வசதி.

இரண்டாவது, அந்நாவலின் உலகம் பட்டணத்து வட்டிக்கடை உலகம். பால்மரம் வெட்டியவன் அதில் முகம் காட்டுவது அரிது. செல்லையாவுக்கு மறுக்கப்பட்டது கடையின் தலைமை. தோட்டத்திலிருந்து போனவனுக்கோ மறுக்க ஒன்றுமில்லை. அவனுக்குப் பழைய வேலை கிடைத்தது, அதுவே அவனுடைய துன்பம். மூன்றாவது, மரகதம். அவளுக்காக இரு ஆடவரும் தந்தையும் முடிவு செய்கின்றனர். அவளுடைய வாழ்வைப் பற்றிய பேச்சில் அவளுக்கே குரல் குறைவு. அக்கால வழக்கத்தை ஆசிரியர் உள்ளபடி காட்டினார் எனலாம். ஆனால் அதே மலாயாவில், அதே ஆண்டுகளில், தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தி நின்றார்கள் என்பதும் உள்ளபடியானதே.

'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் வட்டிக்கடைக்குத் திரும்புவதேயில்லை. படை கலைந்தபின் அவன் அலைந்து, இறுதியில் இந்தோனேசிய விடுதலைப் போரில் புகுந்து மாள்கிறான். நடையிலும் அங்கதத்திலும் தமிழில் அந்நூலுக்கு இணை சில. ஆயினும் நம் கேள்வியை அதனிடம் கேட்டால் கிடைக்கும் விடை கசப்பானது. முதல் நாவலின் வீரனுக்கு வேலை மறுக்கப்பட்டது. இரண்டாம் நாவலின் வீரனுக்கு மரணமே வேலையாயிற்று. அமைதிக்கால வாழ்வில் அவனை உட்கார வைக்க ஓர் இருக்கையை ஆசிரியரின் கற்பனையும் காணவில்லை. மலேசியாவில் அ. ரெங்கசாமி 2006-இல் 'இமயத் தியாகம்' என்னும் நாவலால் அப்படையின் வரலாற்றுக்கு இலக்கியத்தில் இடம் தேடித் தந்தார். போற்றத்தக்க பணி. அதற்கு அடுத்த அத்தியாயத்தை, 1945-க்குப் பிந்திய அத்தியாயத்தை எழுதுவோர் மிகுதியாக வேண்டும்.

அந்த அத்தியாயத்துக்குப் பொருள் இல்லையா? ஏராளமாக உண்டு. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை என்ற பெயரில் இளைஞர் அணி திரண்டனர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். தோட்டத்தில் ஒழுங்கும் தூய்மையும் வேண்டுமென்றனர். தேசிய இராணுவத்தில் பயின்றோரின் கை அவ்வியக்கத்தில் இருந்தது. அணிவகுக்கக் கற்றவன் அக்கல்வியைக் கள்ளுக்கு எதிராகத் திருப்பினான்! அப்படையில் இருந்த எஸ். ஏ. கணபதி, பின்னர் மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார். 1949 மே 4-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியலை ஒப்பாதாரும், ஒரு சிப்பாய் தொழிலாளர் தலைவனாக மாறியது எப்படி என்ற கேள்வியைத் தள்ள இயலாது.

ஜான்சி ராணிப் பிரிவின் மகளிர் வாழ்வு இன்னும் வியப்பானது. கோலாலம்பூரின் ஜானகி தேவர் மலாயா இந்தியர் காங்கிரசின் தோற்றத்தில் பங்கு கொண்டார்; பின்னர்ச் செனட்டராக விளங்கினார்; 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றார். இளம் வயதில் அப்பிரிவில் சேர்ந்த இராசம்மா பூபாலன் ஆசிரியராகி, தலைமையாசிரியராகி, பெண் ஆசிரியர்க்கு ஆண்களோடு ஒத்த ஊதியம் வேண்டுமென்ற போராட்டத்தில் முன் நின்றார். இவர்கள் பெயர் பெற்றவர்கள். தோட்டங்களிலிருந்து போன பெயர் அறியாப் பெண்கள் எத்தனையோ பேர்! துப்பாக்கியை வைத்துவிட்டுப் பால்வாளியை எடுத்தபோது, ஆணுக்குக் கிடைத்த வெற்றுப் புகழ்ச்சிகூட அவர்களுக்குக் கிடைத்ததா? பட்டாளத்துக்குப் போன பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது எத்துணை எளிதாக இருந்திருக்கும் என்பதை நம் சமூகத்தை அறிந்தவர் ஊகிக்கலாம். வயிரமுத்துப் பிள்ளையின் தீர்ப்பு அவர்கள்மீது இரு மடங்காக விழுந்திருக்கும். அதனை எழுத ஒரு நாவல் போதாது.

இந்த வாழ்க்கைகள் வயிரமுத்துப் பிள்ளைக்கு விடையாக நிற்கின்றன. பட்டாளத்தில் பயின்றவனுக்குக் கூட்டத்தை ஒன்று சேர்க்கத் தெரியும். பசியைப் பங்கிடத் தெரியும். சொன்ன நேரத்துக்கு வரத் தெரியும். இவை எந்தத் தொழிலுக்கு ஆகா? ஆகாது என்று சொன்னது தொழில் அன்று. தொழிலை நடத்தியவரின் அச்சம்.

இது பழங்கதை என்று தள்ளவும் இயலாது. சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை நடைபெறுகிறது. இளைஞர் ஒவ்வொருவரும் சீருடையை அணிந்து களைந்து வேலைக்குப் போகின்றனர். மலேசியப் படைகளில் சாதாரண வீரர் ஓய்வூதியம் பெற 21 ஆண்டுப் பணி வேண்டுமென்பது நெடுநாள் விதி. இருபது வயதில் சேர்ந்தவர் அத்தனை ஆண்டும் நின்று வெளியே வரும்போது நாற்பதைக் கடந்திருப்பார். பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். முன்னரே வெளியேறியவர் நிலை இன்னும் கடினம். அவரைக் கண்டதும் காவற்காரர் வேலையைத் தவிர வேறொன்று நம் நினைவுக்கு வருகிறதா? பொறி இயக்கியவர், கணக்கு வைத்தவர், நோயாளரைக் காத்தவர், நூறு பேர்க்குச் சமைத்தவர் எல்லாரும் நம் கண்ணுக்கு ஒரே துப்பாக்கியாகத் தெரிகின்றனர். ஏன்? நம் கதைகளில் வீரன் சுடுவான் அல்லது சாவான். வேறு எதுவும் செய்து நாம் பார்த்ததில்லை. இலக்கியத்தின் குறை இவ்வாறு வேலை கேட்டு வருபவன் தலையில் விடிகிறது.

ஆகவே, இப்பொருளில் இனி வரும் நூல்களை நாம் மூன்று கேள்விகளால் அளப்போம். வீரனின் புகழைச் சொல்வதோடு அவன் கூலியையும் சொல்கிறதா? அவனை மறுத்தவரின் நியாயத்தைக் காட்டுவதோடு அந்த நியாயத்தைச் சோதித்தும் பார்க்கிறதா? தலைவனை விட்டுக் காலாளையும், ஆணோடு பெண்ணையும், பட்டணத்தோடு தோட்டத்தையும் கண்டதா? இவற்றுள் முதற்கேள்விக்கும் இரண்டாவதன் பாதிக்கும் சிங்காரம் விடை தந்தார். எஞ்சியவை காத்திருக்கின்றன.

தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உள்ள இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போய்வந்த முதியோர் இருந்தாராயின், அவரைப் பற்றி அறிந்த பெரியவர்களிடம் போரைப் பற்றி மட்டும் கேளாதீர்கள். திரும்பி வந்த முதல் மாதத்தில் அவர் எங்கே உறங்கினார், யாரிடம் வேலை கேட்டார், என்ன பதில் பெற்றார், முதற்கூலியில் என்ன வாங்கினார் என்று கேளுங்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதி வையுங்கள். தொல்காப்பியர் இடம் விட்டுப் போன அந்தத் தொழில்வாகைக்கு வேண்டிய பூக்கள் அந்த விடைகளில் இருக்கின்றன.